இரும்புக்கு அடிக்கும் சிவப்பு

அந்த வருடம் நம் தெருக் கிறிஸ்துமஸ் குடிலில் மாதா பக்கத்தில் சூசையப்பராக நின்றது ஒரு போலீஸ்காரர். அன்றைய தெருப் பிள்ளைகளே, உங்களுக்கு நினைவிருக்கும். தொப்பியை வெட்டியது நீங்கள்தான்.

பழைய கிறிஸ்துமஸ் பற்றி மூத்தவர்கள் ஆளுக்கு ஒன்று எழுதித் தாருங்கள், கோயில் பங்கு மலரில் போடலாம் என்று பூசையில் அறிவித்தார்கள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. பேரன் திருத்தித் தருகிறேன் என்றான். வேண்டாம் என்றேன். திருத்தினால் வேறு மாதிரி ஆகிவிடும்.

ரப்பர் பொம்மைகளுக்குப் பெயின்ட் அடித்த கதையை எழுதுகிறேன். அதோடு என் சித்தியைப் பற்றியும். இரண்டும் ஒரே கதைதான்.

சித்தி என் அம்மையின் தங்கை. எங்கள் வீட்டில்தான் இருந்தாள். அம்மை மீன் கடவத்தைத் தலையில் வைத்துக்கொண்டு காலையிலேயே கிழக்கே உள்ள ஊர்களுக்கு விற்கப் போய்விடுவாள். சோறு வைப்பது, தண்ணீர் எடுப்பது, தம்பியைப் பார்ப்பது எல்லாம் சித்தி. தம்பிக்கு அப்போது ஒன்பது மாதம். எனக்கு ஒன்பது வயது. சித்திக்கு முட்டத்தில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தது. ஈஸ்டர் கழிந்து கல்யாணம்.

அந்தக் கல்யாணம் நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்று ஊர் ஒரு காரணம் சொன்னது. நீங்களும் சொன்னீர்கள். அது சரியல்ல. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

அப்பா கொச்சிக்குத் தங்கல் தொழிலுக்குப் போயிருந்தார். அங்கேயே தங்கி மீன் பிடித்துவிட்டு மாதங்கள் கழித்து வருவார். அந்தத் தடவை மழை ஓய்ந்த பிறகு வந்தார். ஒரு சாக்குப் பையைத் திண்டில் கவிழ்த்தார். ரப்பர் பொம்மைகள். விரல் நீளத்தில் சில, உள்ளங்கை அளவில் சில. போலீஸ்காரர், குடம் வைத்த பெண், தபால்காரர், உயரத் தொப்பி போட்ட சமையல்காரர், கிரிக்கெட் மட்டை பிடித்தவர், பசு, நாய், யானை, சிங்கம், இரண்டு தாரா வாத்து. ஒன்றுக்கும் நிறம் கிடையாது. கம்பெனியில் பெயின்ட் அடிக்காமல் ஒதுக்கியவை. அதனால் மலிவு. எல்லாம் தோலுரித்த இறால் மாதிரி வெளிறி இருந்தன. சைக்கிள் ட்யூப் வாசம் அடித்தது. அமுக்கினால் அடியில் இருந்த ஓட்டை வழியாகப் பீப்பீ என்று சத்தம் வந்தது.

“கண்ணும் மூக்கும் இல்லாம இதென்ன சாமானம்?” என்றாள் அம்மை.

“நீ வரைஞ்சு விடு” என்றார் அப்பா.

அந்த வாரம்தான் பள்ளிக்கூடத்து சிஸ்டர் குடில் போட்டி என்று சொன்னார்கள். தெருவுக்கு ஒரு குடில். பிள்ளைகளே செய்ய வேண்டும். கடையில் விற்கிற சாமி சுரூபம் வைக்கக்கூடாது. மற்ற தெருக்காரர்கள் களிமண்ணுக்கு ஓடினார்கள். நம்மிடம் பொம்மை இருந்தது.

யாரை யாராக ஆக்குவது என்று ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை சண்டை போட்டோம்.

“குடம் வச்சவ மாதா. அதுல பேச்சில்ல.”

“மாதா குடத்தத் தலையில வச்சுக்கிட்டா பிள்ளையப் பாப்பாங்க?”

“தண்ணி எடுக்கப் போயிற்று வந்தாங்கன்னு வையேன்.”

“சூசையப்பருக்கு லத்தி எதுக்குலே?”

“அது லத்தி இல்லேட்டி. பூத்த கம்பு. படத்துல பாத்ததில்லியா?”

கோயில் உபதேசியார் மகன்தான் பிளேடு கொண்டு வந்தான். தொப்பியை வெட்டியபோது தலையின் மேல்பாதியும் கூடவே வந்துவிட்டது. உள்ளே ஒன்றும் இல்லை.

“போலீஸ்காரனுக்கு உள்ள வேற என்ன இருக்கும்?” என்றான் அவன்.

சித்தி சிரித்துவிட்டாள். தேங்காய்த் தும்பு எடுத்து உருட்டித் தலையில் திணித்துக் கொடுத்தாள். சூசையப்பருக்கு முடி வந்தது. தபால்காரர், சமையல்காரர், மட்டைக்காரர் மூவரும் ராஜாக்கள். குழந்தை யேசு மட்டும் இல்லை. சித்தி மரச்சீனிக் கிழங்கில் ஒன்று செதுக்கினாள். இரண்டு நாளில் கறுத்து வாடியது. மறுபடி செதுக்கினாள். கிறிஸ்துமஸ் வரை இரண்டு நாளுக்கு ஒரு யேசு.

இனிப் பெயின்ட்.

முதலில் பள்ளிக்கூடத்து வாட்டர் கலர். ரப்பரில் அது நிற்காது. சேம்பிலைத் தண்ணீர் மாதிரி உருண்டு விழுந்தது. அப்புறம் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்தோம். காயும் வரை நல்ல சிவப்பு. காய்ந்ததும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. பேனா மை பூசினோம். கையில் ஒட்டியது, பொம்மையில் ஒட்டவில்லை.

சித்தியிடம் ஒரு நகப்பாலிஷ் இருந்தது. கல்யாணத்துக்கு என்று வாங்கி வைத்தது. அம்மைக்குத் தெரியாமல் பெட்டியின் அடியில் இருந்தது.

“ராஜாவுக்குக் கிரீடம் வேண்டாமா மக்கா?” என்று அதை எடுத்துத் தந்தாள்.

சமையல்காரரின் தொப்பிக்கு அடித்தோம். பத்து நிமிடத்தில் பாலாடை மாதிரிச் சுருங்கிப்போயிற்று. குப்பியில் பாதி தீர்ந்திருந்தது. சித்தி மூடியைத் திருகி வைத்தாள்.

பிறகு வள்ளத்துக்கு அடிக்கும் நீலம். மிச்சம் பச்சையும் இருந்தது. நம் கடற்கரையில் பெயின்ட் என்றால் அதுதானே. அடித்தபோது பார்க்க அழகு. காயவே இல்லை. ஒரு வாரம் ஆகியும் தொட்டால் பசை. மரத்தில் ஒரு நாளில் காய்கிறது ரப்பரில் ஏன் காயவில்லை என்று நமக்குத் தெரியாது. வெயிலில் வைத்தோம். காற்று மணலைக் கொண்டு வந்து ஒட்டியது. கோழி உரசிப் போயிற்று. தபால்கார ராஜாவின் முகமெல்லாம் கோழித் தூவல்.

“ராஜாவுக்குத் தாடி முளைச்சாச்சு” என்று நீங்கள் கைகொட்டினீர்கள். நான் அழுதேன். இன்னும் ஐந்து வாரம்தான் இருந்தது.

அடுப்பறைச் சாய்ப்பில் ஒரு சின்ன டின் இருந்தது. இரும்புக்குத் துரு பிடிக்காமல் அடிக்கும் அடிப்பெயின்ட். அப்பா நங்கூரத்துக்கு என்று கொச்சியிலிருந்து கொண்டு வந்தது. டின்தான் சின்னது, தூக்கினால் கல் மாதிரிக் கனம். மேலே எண்ணெய் நின்றது. கம்பு போட்டுக் கலக்கினால் அடியிலிருந்து சிவப்பு எழுந்து வந்தது. முழுச் சிவப்பும் இல்லை. பழுத்த பாக்குத் தோலின் நிறம்.

“அப்பா, இத எடுக்கட்டா?”

“எடு. ரெண்டு கரண்டி போதும். மிச்சத்த மூடி வச்சிரு.”

நேராகச் சூசையப்பருக்கு அடித்துக் கெடுத்துவிடக்கூடாது என்று ஒதுக்கி வைத்திருந்த சிங்கத்துக்கு அடித்துப் பார்த்தேன். குடிலில் சிங்கத்துக்கு வேலை இல்லை.

மூன்றாம் நாள் காய்ந்தது. நன்றாகக் காய்ந்தது. பளபளப்பு. நகத்தால் சுரண்டினாலும் வரவில்லை. நாக்கை வைத்துப் பார்த்தேன். ஏன் வைத்தேன் என்று கேட்டால் தெரியாது. எல்லாவற்றையும் நக்கிப் பார்க்கிற வயது. லேசாக இனிப்பாக இருந்தது.

சூசையப்பரின் அங்கிக்கும், மூன்று ராஜாக்களின் மேலாடைக்கும் அதையே அடித்தோம்.

பள்ளிக்கூடம் விட்டு வந்தால் தம்பியைப் பார்ப்பது என் வேலை. சித்தி அந்த நேரம் தண்ணீருக்குப் போவாள். தம்பிக்குப் பல் முளைக்கிற சமயம். கண்டதைக் கடிப்பான், ஓயாமல் அழுவான். ஒரு நாள் சிங்கத்தைக் கையில் கொடுத்தேன். வாயில் வைத்தான். அழுகை நின்றது. எனக்குக் குடில் வேலை பார்க்க நேரம் கிடைத்தது.

அதன்பிறகு தினமும் கொடுத்தேன். சித்தி திரும்பும்போது வாங்கி ஒளித்து வைத்துவிடுவேன். என் பொம்மை என்ற எண்ணம்தான், வேறொன்றும் இல்லை. அவன் கடித்துக் கடித்து அமுக்கியதில் பெயின்ட் செதில் செதிலாகப் பெயர்ந்தது. முதுகில் வெள்ளை தெரிந்தது. செதில் எங்கே போகிறது என்று நான் யோசிக்கவில்லை. டின்னைத் திறந்து மறுபடி அடித்தேன். காய வைத்தேன். கொடுத்தேன். அவன் தின்றதை நான் திரும்பத் திரும்ப அடித்துக் கொடுத்தேன். மூன்று தடவை.

தம்பி வெளுத்தான். வெளிக்குப் போகவில்லை. வயிற்றைச் சுருட்டிக்கொண்டு அழுதான். குடித்த பாலைக் கக்கினான்.

சித்தி உரைமருந்து உரைத்தாள். வசம்பு, கடுக்காய், ஜாதிக்காய், மாசிக்காய் எல்லாம் கல்லில் தாய்ப்பால் விட்டு உரைத்து நாக்கில் தடவுவது. உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அவள்தான் உரைத்துக் கொடுத்தாள். அவள் கைப்பதம் யாருக்கும் வராது என்று உங்கள் அம்மைமார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டு முற்றத்தில் காத்து நின்றது எனக்குத் தெரியும்.

கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, காலையில், தம்பிக்கு வலிப்பு வந்தது. கண் மேலே போயிற்று. கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. டாக்ஸி பிடித்து நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பிளாஸ்க் தூக்க என்னையும் ஏற்றினார்கள். சித்தி வீட்டில் நின்றாள்.

அப்பா வெளியே சீட்டு எடுக்க நின்றார். டாக்டர் ரொம்ப நேரம் பார்த்தார். ஈறைத் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்.

“நாட்டு மருந்து ஏதாவது குடுத்தியளா?”

“ஆமா டாக்டர்” என்றாள் அம்மை. “எனக்க தங்கச்சி உரைச்சுக் குடுத்தா.”

“அத நிறுத்துங்க. ஏதோ விஷம் உள்ள போயிருக்கு. வீட்ல பெயின்ட் எதாவது பிள்ள வாயில வச்சுதா?”

அம்மை சிரித்தாள். அவ்வளவு கலக்கத்திலும் ஒரு சிரிப்பு.

“எங்க வீடு ஓலைக்கூரை டாக்டர். செவுரு செம்மண்ணு. பெயின்ட்டுக்கு நாங்க எங்க போக?”

டாக்டர் எழுதினார். நான் பின்னால் பிளாஸ்க்கோடு நின்றேன். கேள்வியும் கேட்டது, பதிலும் கேட்டது. வாயைத் திறந்தால் போதும். திறக்கவில்லை. பயந்தேனா என்றால், பயம் என்று அப்போது தோன்றவில்லை. உள்ளே ஒன்றும் அசையவில்லை. பிளாஸ்க்கின் சூடு கையில் இருந்தது. அது மட்டும் நினைவிருக்கிறது.

சாயங்காலம் அப்பா என்னைப் பஸ்ஸில் வீட்டுக்குக் கொண்டு வந்து விட்டார். நான் சிங்கத்தை எடுத்துக்கொண்டு பாறைக்குப் போய்க் கடலில் எறிந்தேன். ரப்பர் மிதந்தது. அலை இரண்டு தடவை திருப்பிக் கொண்டு வந்து போட்டது. மூன்றாவது தடவை அதன் ஓட்டை வழியாக மணலை அடைத்து எறிந்தேன்.

நான் திரும்பி வந்தபோது அப்பா உரைகல்லைத் தூக்கி முற்றத்தில் போட்டு உடைத்துக்கொண்டிருந்தார்.

“என்னத்தட்டி உரைச்சுக் குடுத்த? சொல்லு. எனக்க பிள்ளைக்கு என்னத்தக் குடுத்த?”

“எல்லாருக்கும் குடுக்கதத்தான் அத்தான் குடுத்தேன்.”

“டாக்டர் விஷம்னு சொல்லியாச்சு. இனி நீ என்ன சொல்லுக?”

சித்தி உடைந்த கல்லைக் குனிந்து பொறுக்கினாள். நான் வாசலில் நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள். சாட்சிக்குக் கூப்பிட்ட மாதிரி. நான் நாளும் அவள் உரைப்பதைப் பார்த்தவள். நான் தண்ணீர் குடிக்க உள்ளே போனேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் சிஸ்டர் குடில் பார்க்க வந்தார்கள். நம் குடிலுக்கு முன் நின்றார்கள். மரச்சீனி யேசு அன்று காலையில் செதுக்கியது. அன்றும் அவள்தான் செதுக்கித் தந்தாள், வீட்டில் யாரும் அவளிடம் பேசாத அந்த நாளிலும்.

“அங்கி நல்ல நிறமா இருக்கே. என்ன பெயின்ட் இது?” என்று சிஸ்டர் என்னைக் கேட்டார்கள்.

“தெரியாது சிஸ்டர்” என்றேன்.

முதல் பரிசு நமக்கு. ஆளுக்கு ஒரு ஜெபமாலையும் ஒரு பொட்டலம் பிஸ்கட்டும்.

தம்பி பிழைத்தான். ஒரு மாதம் கழித்துக் கொண்டு வந்தார்கள். அதற்குள் முட்டத்துக்காரர்கள் ஆள் விட்டுச் சொல்லிவிட்டார்கள். அக்காள் பிள்ளைக்கு மருந்து என்று விஷம் கொடுத்தவள் எங்களுக்கு வேண்டாம் என்று. அப்பாவும் அவளை இனி வீட்டில் வைக்க முடியாது என்றார். சிஸ்டர்கள் வழியாகத் திருவனந்தபுரத்தில் ஒரு விடுதிக்குச் சமையலுக்கு அனுப்ப முடிவாயிற்று.

அவள் தகரப்பெட்டியோடு பஸ்ஸுக்கு நின்றாள். தெருப் பிள்ளைகள் எல்லாரும் வந்திருந்தோம். யார் கட்டிய பாட்டு என்று இப்போது கேட்கவில்லை.

“கடுக்கா மாசிக்கா, கையெல்லாம் விஷக்கா.”

கைதட்டிப் பாடினீர்கள். நானும் பாடினேன். சத்தம் வரவில்லை, வாய் அசைந்தது. அவள் என் வாயைத்தான் பார்த்தாள். பஸ் வந்தது. ஏறினாள்.

அவள் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை. என் கல்யாணத்துக்குச் சொல்லவில்லை. அம்மை அவளிடம் பேசாமலே செத்தாள். சாகிறதற்கு முந்தின வாரம் அம்மையிடம் சொல்லலாம் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். கஞ்சி கேட்டாள். கொடுத்தேன். அதோடு போயிற்று.

தம்பியை உங்களுக்குத் தெரியும். ஐஸ் பேக்டரியில் இருக்கிறான். படிப்பு ஏறவில்லை. கணக்கு வராது. வலது கை நடுங்கும். பிள்ளையிலிருந்தே அப்படி என்று சொல்லிக்கொள்கிறோம்.

என் மகன் மஸ்கட்டில் கப்பல் பட்டறையில் பெயின்ட் வேலை பார்த்தவன். வந்திருந்தபோது கேட்டேன். டின் கனத்தையும் நிறத்தையும் சொன்னேன்.

“பழைய அடிப்பெயின்ட்டாக்கும். அதுல ஈயம்மா” என்றான். “அத சுரண்டணும்னா அங்க முகமூடி போடாம விடமாட்டாங்க. தின்னா மூளைக்குப் போவும். எதுக்குக் கேக்க?”

“சும்மா” என்றேன்.

அடுத்த நாள் தம்பியிடம் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

“நான் நல்லாத்தான இருக்கேன்” என்றான். கொஞ்சம் கழித்து, “சித்தியா? அப்படி ஒருத்தி இருக்காளா நமக்கு?” என்று கேட்டான்.

சித்திக்கு இப்போது எண்பதுக்குப் பக்கம். மார்த்தாண்டத்துக்கு அந்தப்பக்கம் சிஸ்டர்கள் நடத்தும் முதியோர் இல்லத்தில் இருக்கிறாள். நான் போன அன்று யாரோ ஒரு குடும்பம் கைக்குழந்தையோடு சோறு கொடுக்க வந்திருந்தது. எல்லாக் கிழவிகளும் பிள்ளையை வாங்கிக் கொஞ்சினார்கள். கை மாறி மாறிச் சித்தியிடம் வந்தது. அவள் இரண்டு கையையும் சேலைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

“எனக்க கையில வேண்டாம்” என்றாள்.

அவர்கள் போனதும் நான் சொன்னேன்.

“சித்தி, தம்பிக்கு வந்தது மருந்தால இல்ல. நான் ஒரு ரப்பர் சிங்கத்துக்கு அடிப்பெயின்ட் அடிச்சுக் கடிக்கக் குடுத்தேன். அதுல ஈயம். விஷம் அதுதான்.”

“எந்தச் சிங்கம்?”

“அப்பா கொச்சியில இருந்து கொண்டு வந்தது. பெயின்ட் அடிச்சப்புறம் நீ பாத்ததில்ல. நான் ஒளிச்சு வச்சேன்.”

அவள் என் கையைப் பிடித்தாள். தடவிக் கொடுத்தாள்.

“மக்கா, அண்ணைக்கு நான் மாசிக்காய ரெண்டு உரை கூட உரைச்சேன். பிள்ளைக்கு அழுகை நிக்கட்டும்னு. யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்லா.”

“அது ஒண்ணும் செய்யாது சித்தி.”

“ஒனக்கு எப்பவும் இளகின மனசு. எனக்க பாவத்த நீ எடுக்காண்டாம். வருஷா வருஷம் ஃபாதர்ட்ட சொல்லுதேன். ஆண்டவர் பாத்துக்கிடுவார்.” பிறகு கேட்டாள். “தம்பி என்னப் பத்திக் கேப்பானா?”

“கேப்பான்” என்றேன்.

அதற்குப் பிறகு இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் சொன்னேன். ஒரு தடவை தம்பியைக் கூட்டிப் போனேன். அவன் நடுங்குகிற கையைப் பிடித்துக்கொண்டு அவள் அழுதாள், மன்னிப்புக் கேட்டாள். அவன் என்னைப் பார்த்தான். நான் சொன்னது அவள் காதில் ஏறவில்லை. நான் ஒருத்தி சொன்னால் இரக்கத்தில் சொல்கிறேன் என்று நினைக்கிறாள்.

அன்று பஸ் நிறுத்தத்தில் தெருவே நின்று சொன்னது. அதை நம்பினாள்.

அந்தப் பிள்ளைகளில் பதினோரு பேர் இன்னும் இருக்கிறோம். ஆறு பேர் இங்கேயே, மூன்று பேர் நாகர்கோவிலில், இரண்டு பேர் மகன்களோடு கேரளத்தில். எல்லாருக்கும் இந்த மலர் வரும். என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள்ளுங்கள். பேச்சு இங்கேயே நிற்க வேண்டாம், அங்கே போய் அவளிடம் பேசுங்கள், விஷம் அவள் கையில் இல்லை என்று.

மார்த்தாண்டத்தில் இறங்கி ஆட்டோ பிடிக்க வேண்டும். வியாழனும் ஞாயிறும், மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரை பார்க்க விடுவார்கள். அவளுக்கு இடது காது கேட்காது. வலது பக்கம் உட்கார்ந்து சொல்லுங்கள்.